கஸ்டம் கத்தியும் கல்யாண மண்டப சாம்பார் வாளியும்

போன வாரம் நம்ம செட்டுல ஒருத்தன் (பேர் சொன்னா அடிக்க வருவான்) செல்போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி, "மாப்ள, இதை புக் பண்ணிடவா?"ன்னு கேட்டான். பார்த்தா ஒரு கத்தி. அலகு முழுக்க தண்ணி அலை மாதிரி வரி வரியா டிசைன். பிடி மான் கொம்பு மாதிரி ஏதோ. அலகு மட்டுமே ஒன்பது அங்குலத்துக்கு மேல. தோல் உறை வேற. கீழே 'கையால் செய்த கஸ்டம் புஷ்கிராஃப்ட் கத்தி', விலை 4,500 ரூபாய்.

நான் வேணாம்னேன். பயலுக்குக் கோபம் வந்துடுச்சு. ஏன்னா அந்த 4,500 சும்மா வந்த காசு இல்லை. ரெண்டு மாசமா ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கேட்டரிங் வேலைக்குப் போய், சாம்பார் வாளி தூக்கி, எச்சில் இலை எடுத்து, ஒரு நாளைக்கு 600 ரூபாய்னு சேர்த்தது. "உனக்குப் பொறாமை"ன்னுட்டான். அப்புறம் கொஞ்சம் ஆறி, "சரி, இது வேணாம்னா எதை வாங்கறது? அதையாவது சொல்லித் தொலை"ன்னான். வாயால சொன்னா சண்டையில முடியும்னுதான் எழுதுறேன். இந்தக் கிறுக்கு இருக்கிற மத்தவங்களுக்கும் உதவினா சரி.

முதல்ல இந்த புஷ்கிராஃப்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. காட்டுல கிடைக்கிறதை வச்சுக் காட்டுல சமாளிக்கிற கைவேலை. விறகு பிளக்கறது, குச்சியைச் சுருள் சுருளா சீவித் தீ மூட்டறது, கூடாரத்துக்கு முளை செதுக்கறது, கரண்டி குடையறது, வெங்காயம் அரியறது.. அவ்வளவுதான். யாரையும் குத்தற வேலை இதுல கிடையாது. கனடாவுல மோர்ஸ் கோசான்ஸ்கின்னு ஒருத்தர் இருந்தார், 2019-ல காலமானார். 1980-கள்ல அவர் எழுதிய வடகாட்டு புஷ்கிராஃப்ட் புத்தகம் இந்தக் கூட்டத்துக்கு வேதம். இங்கிலாந்துல ரே மியர்ஸ், டிவி நிகழ்ச்சி மூலமா உலகம் பூரா ஆள் சேர்த்தவர். ரெண்டு பேரும் இடுப்புல வச்சிருந்தது நாலு அங்குலத்தை ஒட்டின சாதாரணக் கத்தி. கோசான்ஸ்கி சொல்ற கணக்கு ரொம்ப சுளுவு: உன் உள்ளங்கை எவ்வளவு அகலமோ, அலகு அவ்வளவு நீளம் இருந்தாப் போதும்.

அப்போ இந்த ஒன்பது அங்குல ஆசை எங்கிருந்து வந்தது? எல்லாம் ராம்போ பண்ணின வேலை. 1982-ல வந்த முதல் படத்துல ஸ்டாலோன் வச்சிருந்த கத்தியைச் செஞ்சவர் ஆர்கன்சாஸ்காரர் ஜிம்மி லைல். அது அசல் கஸ்டம் கத்தி. பிடி உள்ளே பொள்ளல், முதுகுல ரம்பப் பல். அதுக்கப்புறம் உலகம் பூரா வந்த டுபாக்கூர் நகல்களுக்கு அளவே இல்லை. அசலைச் செஞ்சவருக்கு பொள்ளல் பிடியை உறுதியா நிறுத்தத் தெரியும். நகல் எடுத்தவனுக்குத் தெரியாது. விறகுல ரெண்டு தட்டு தட்டினா அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம்.

நீளத்துக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கு. நம்ம நாட்டு ஆயுத விதிகள்ல (1962 விதிகள், அப்புறம் 2016 விதிகள்) ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செய்யப்பட்டது இல்லைன்னா, ஆயுதப் பட்டியல்ல வரும். மாப்ள, உன் மான் கொம்புக் கத்தியைப் பார்த்து "இது வெங்காயம் வெட்ட சார்"னு எந்த இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லப் போற? இன்னொண்ணு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 31-ம் பிரிவு. சரணாலயத்துக்குள்ள எழுத்துல அனுமதி வாங்காம ஆயுதத்தோட நுழையக் கூடாது. அதுக்கு முந்தின பிரிவு தீ பத்தினது. 2018 மார்ச்ல குரங்கணியில நடந்ததுக்கு அப்புறம் காட்டுக்குள்ள தீப்பெட்டியைப் பத்தி ஜோக் அடிக்கக் கூட எனக்கு மனசு வரலை. ஆக, நமக்கு புஷ்கிராஃப்ட்னா சொந்தக்காரர் தோப்பு, சிநேகிதன் தோட்டம், மொட்டை மாடி. இதை ஒத்துக்கிட்டு மேல படிங்க.

நிற்க. இப்போ மேட்டருக்கு வருவோம். 'கஸ்டம்'.

இந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு சரக்கை ஒளிச்சு விக்கிறாங்க. ஒண்ணு, நிஜமான கஸ்டம். நீங்க வரைபடம் கொடுப்பீங்க, கை அளவு கொடுப்பீங்க, அவர் உங்களுக்காகவே ஒண்ணு செய்வார். ரெண்டு, செய்யறவருக்குன்னு நாலு மாடல் இருக்கும். அதுல நீங்க இரும்பும் பிடிக்கட்டையும் மட்டும் தேர்ந்தெடுப்பீங்க. மூணு, நூறு கத்தி ஒரே மாதிரி செஞ்சு, 'கையால் செய்தது'ன்னு சீட்டு ஒட்டி விக்கறது. நம்ம பய காட்டினது மூணாவது ரகம். காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸ்ல தூங்காதவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: முதல் ரகம் ஜாப் காஸ்டிங், மூணாவது பேட்ச் காஸ்டிங். பேட்ச் சரக்கை ஜாப் விலைக்கு வாங்கறவனைத்தான் வியாபாரி தினமும் சாமி கும்பிடும்போது நினைச்சுக்கறான்.

ஒரு கத்தியில காசு எங்கே போகுது? இதை யோசிச்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். இரும்புல இல்லை. நாலு அங்குலக் கத்திக்கு வேண்டிய இரும்பு அரை கிலோ கூட வராது. காசு போறது மணி நேரத்துல. கண்ணாடி மாதிரி பாலிஷ் போடறதுக்கு மணிக்கணக்கு. முதுகுல அரத்தால பூ வேலை செய்ய மணிக்கணக்கு. பித்தளைக் காப்பு பொருத்தி இடைவெளி தெரியாம இழைக்க மணிக்கணக்கு. பிடிக்கு அபூர்வ மரம், எலும்பு, கொம்பு வச்சு வெடிக்காம ஒட்ட இன்னும் கொஞ்சம். இதுல எதுவாவது குச்சி சீவ உதவுதா? ஒண்ணு கூட இல்லை. ஆனா விலையில முக்கால்வாசி இதுதான்.

அதனால என் கட்சி இதுதான்: குறைஞ்ச விலையில நல்ல கஸ்டம் கத்தி சாத்தியம். செய்யறவர்கிட்ட விலையைக் குறைங்கன்னு பேரம் பேசாதீங்க. மணி நேரத்தைக் குறைங்கன்னு சொல்லுங்க. "பாலிஷ் வேணாம், உலைக் கருப்பு அப்படியே இருக்கட்டும். காப்பு வேணாம். பிடிக்கு உங்க பட்டறையில மிஞ்சின கட்டை போதும். உறை சாதாரணமா இருக்கட்டும்." இப்படிச் சொன்னா நல்ல தொழில்காரர் சந்தோஷப்படுவார். பேரம் பேசினா, எங்கே வெளியே தெரியாதோ அங்கே கை வைப்பார். வெளியே தெரியாத இடம் எது? அதுதான் தோய்ச்சல்.

தோய்ச்சலை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். எந்த உசத்தி இரும்பா இருந்தாலும் சரியா காய்ச்சித் தோய்ச்சாத்தான் அது கத்தி. இல்லைன்னா கத்தி வடிவத்துல ஒரு தகடு. கார்பன் உருக்கை சுமார் 800 டிகிரி வரைக்கும் காய்ச்சி சட்டுனு எண்ணெயிலயோ தண்ணியிலயோ முக்கினா கண்ணாடி மாதிரி கெட்டியாகும். கெட்டியாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதனால திரும்ப 200 டிகிரியை ஒட்டி மெதுவா சூடு காட்டி, அந்த முறுக்கைக் கொஞ்சம் இறக்கணும். ரெண்டாவது வேலையை அவசரத்துல செஞ்சா கூர் பொரிஞ்சு உதிரும். முதல் வேலை சரியில்லைன்னா கூர் மடங்கும். ரெண்டையும் போட்டோவுல பார்க்கவே முடியாது. புஷ்கிராஃப்ட் கத்திக்கு ராக்வெல் சி அளவுல 58-லிருந்து 60 வரைக்கும் நல்ல இடம். கொஞ்சம் கீழே இருந்தாலும் தோட்டத்துல உட்கார்ந்தே ஆத்துக்கல்லுல தீட்டிக்கலாம், குத்தமில்லை.

இதுக்கு ஏழை வீட்டுச் சோதனை ரெண்டு இருக்கு. ஒரு பழைய அரத்தை எடுத்து கூர் பக்கத்துல லேசா ஓட்டிப் பாருங்க. அரம் வழுக்கிக்கிட்டு போனா தோய்ச்சல் ஏறியிருக்கு. வெண்ணெய் மாதிரி கடிச்சா ஏறலை. ரெண்டாவது, ஒரு பித்தளைக் கம்பி மேல கூரைச் சாய்ச்சு லேசா அழுத்துங்க. கூர் கொஞ்சம் வளைஞ்சு, எடுத்ததும் திரும்ப நேராகணும். வளைஞ்சபடியே நின்னா மெது, பொரிஞ்சா முரடு. ஆன்லைன்ல வாங்கினா இந்தச் சோதனையெல்லாம் கைக்கு வந்தப்புறம்தான். அதனால முன்னாடியே கேளுங்க: என்ன இரும்பு, யார் தோய்ச்சல் போட்டது, எவ்வளவு சூடு, எதுல முக்கினது. தெரிஞ்சவர் அரை மணி நேரம் பேசுவார், போதும் சாமின்னு நாம ஓடணும். தெரியாதவர் "சூப்பர் குவாலிட்டி சார்"னு நிறுத்திக்குவார்.

இப்போ அந்த அலை டிசைன். 'டமாஸ்கஸ்'. இதைப் பேசினா எனக்கு ரத்தம் கொதிக்கும், மன்னிக்கணும். பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் புகழ் வந்ததே தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மண் மூசையில உருக்கி எடுத்த உருக்கால. ஈரோடு பக்கம் கொடுமணல்ல தோண்டினப்போ இரும்பு, உருக்கு வேலை நடந்த தடயமே கிடைச்சிருக்கு. அந்த உருக்குல வரி தானாவே உள்ளிருந்து வரும். இன்னைக்கு டமாஸ்கஸ்னு விக்கிறது வேற. ரெண்டு வகை உருக்கை அடுக்கி, காய்ச்சி அடிச்சு, மடிச்சு மடிச்சு ஒண்ணாக்கி, கடைசியில ரசாயனத்துல முக்கி வரியை வெளியே கொண்டு வர்றது. நல்ல ஆள் செஞ்சா அதுவும் பிரமாதமான கலைதான். ஆனா அதுக்கு ஆகிற உழைப்புக்கு 4,500 ரூபாய்ல உறையோட கொடுக்கக் கட்டுப்படியே ஆகாது. அப்போ அந்த அடுக்குல என்ன இரும்பு போச்சு? தோய்ச்சல் ஏறாத சாதா இரும்பும் கலந்திருந்தா கூர் ஒரு இடத்துல நிக்கும், ஒரு இடத்துல மடங்கும். எந்த உருக்கோட எந்த உருக்குன்னு பேர் சொல்லாம விக்கிற டமாஸ்கஸை நான் ஓசியில கொடுத்தாலும் தொட மாட்டேன். (சரி, ஓசியில கொடுத்தா வாங்கி சுவத்துல மாட்டுவேன். ஹி ஹி.)

இரும்பு வகையில எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறாங்க. தேவையே இல்லை. 1095, ஓ1, 80சிஆர்வி2, 52100.. இது எல்லாமே எளிமையான கார்பன் உருக்கு. கடைசியா சொன்னது பேரிங் குண்டு செய்யற சரக்கு. எதை எடுத்தாலும் நமக்குப் போதும். துருப்பிடிக்கும், நிஜம். வேலை முடிஞ்சதும் துடைச்சு தேங்காயெண்ணெய் தடவினா முடிஞ்சது, நம்ம பாட்டி அரிவாள்மணைக்குச் செஞ்சது அதுதானே. துருப்பிடிக்காத 12சி27, 14சி28என் எல்லாம் நல்ல சரக்கு. ஆனா அதுக்கு 1,000 டிகிரிக்கு மேல, துல்லியமா, நேரம் பார்த்து சூடு நிறுத்தணும். கரண்ட் சூளை இருக்கிற இடத்துலதான் அது ஒழுங்கா நடக்கும். கரி உலை வச்சிருக்கிற ஒத்தை ஆளை 'ஸ்டெயின்லெஸ்ல செஞ்சு கொடுங்க'ன்னு கேட்டா அவர் பாவம், மறுக்கவும் மாட்டார். அவர் தினமும் எந்த இரும்போட மல்லுக்கட்டறாரோ அதையே வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

கார்பன் கத்தின்னாத்தான் ஃபெரோ ராட்ல பொறி வரும்னு ஒரு கதை உலாவுது. தப்பு. ஃபெரோ ராட்ல பொறி விடறது ராடுதான், கத்தி இல்லை. முதுகு முனை செங்குத்தா கூர்மையா இருந்தா ஸ்டெயின்லெஸ்ஸும் சுரண்டும், உடைஞ்ச கண்ணாடியும் சுரண்டும். சிக்கிமுக்கிக் கல்லுல தட்டறதுக்குத்தான் கார்பன் உருக்கு வேணும். அதை யாரு செய்யப் போறா?

அடுத்து தடிமன். ரே மியர்ஸ் டிசைன் பண்ணி ஆலன் வுட்ங்கிற கத்திக்காரர் செஞ்ச 'வுட்லோர்' கத்திதான் இந்த உலகத்துக்கே மாதிரிக் கத்தி. ஓ1 உருக்கு, 4 மில்லிமீட்டர் தடிமன், ரெண்டு பக்கமும் ஒரே தட்டையான சாய்வு. அந்தச் சாய்வுக்கு 'ஸ்காண்டி'ன்னு பேர், ஸ்காண்டிநேவியாவுல இருந்து வந்தது. இன்னைக்கு பாதி கஸ்டம் கத்திகள் இதோட வாரிசுதான். நான் என்ன சொல்றேன்னா, 4 மில்லிமீட்டர் நமக்கு அதிகம். விறகுல ஆப்பு மாதிரி இறங்கும், உண்மை. ஆனா தக்காளி வெட்டினா தக்காளி பிளக்கும், வெட்டாது. 1884-லயே அமெரிக்காவுல நெஸ்மக்ங்கிற புனைபேர்ல எழுதின சியர்ஸ், காட்டுக்கு தடிக் கத்தி தூக்கிட்டு வர்றவங்களைக் கிண்டல் அடிச்சுட்டு மெல்லிசுக் கத்திதான் வச்சிருந்தார். ஸ்வீடன்ல மோரா ஊர்ல செய்யற கம்பானியன் கத்தி 2.5 மில்லிமீட்டர்தான். ஊர் உலகமே அதை வச்சு விறகு பிளக்குது. 3 மில்லிமீட்டர் சொல்லுங்க, தாராளம்.

ஸ்காண்டியில இன்னொரு லாபம்: தீட்டறது சுலபம். அந்தச் சாய்வைக் கல்லுல படிய வச்சா கோணம் தானாவே அமையும். நம்மள மாதிரி கத்துக்குட்டிக்கு அதைவிட வேற என்ன வேணும். செய்யறவருக்கும் வேலை கம்மி, முதுகு வரைக்கும் மெல்லிசா இழைக்க வேண்டியதில்லை. மணி நேரம் கம்மி, காசு கம்மி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. படிச்சு பாதி, பட்டு மீதி. போன வருஷம் லீவுல ஊருக்குப் போனப்போ, ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போய் காகிதத்துல வரைஞ்சு கொடுத்தேன். திருப்பாச்சேத்தி மாதிரி பேர் பெத்த இடமெல்லாம் இல்லை, சாதாரணமா அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிற பட்டறை. பெரியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இம்புட்டுக்காணு கத்தியை வச்சு கொய்யாக்கா வெட்டவா தம்பி?"ன்னார். கூட இருந்தவங்க சிரிச்சாங்க. நான் ரோஷமா நெட்ல பார்த்த அளவையெல்லாம் அடுக்கினேன். அவர் ஒண்ணும் சொல்லாம லாரி ஸ்பிரிங் பட்டை ஒண்ணை எடுத்து அடிச்சுக் கொடுத்தார். 600 ரூபாய். முதுகு 5 மில்லிமீட்டருக்குக் குறையாது. பிடி என் கையில நிக்கலை, கரண்டி செதுக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல கொப்புளம். தப்பு அவர்மேல துளியும் இல்லை. நான் தடிமன் சொல்லலை, பிடி சுற்றளவு சொல்லலை, எதுக்குன்னே ஒழுங்கா சொல்லலை. யாரோ வெள்ளைக்காரன் கைக்கு வரைஞ்ச படத்தை நகல் எடுத்துட்டு போயிருந்தேன். அந்த 600 போன காசு. சங்க் காஸ்ட். அதை நினைச்சு அதே கத்தியோட மல்லுக்கட்டக் கூடாதுங்கறது மட்டும் கிளாஸ்ல படிச்சிருந்தேன்.

ரெண்டாவது தடவை வேற மாதிரி போனேன். முதல்ல அட்டையில வெட்டி, அதுமேல பழைய துணி சுத்தி, கையில பிடிச்சுப் பார்த்து, வீட்டுல கத்தரிக்கா வெட்டற மாதிரி நடிச்சு (அம்மா ஒரு மாதிரியா பார்த்தாங்க), எங்கே இடிக்குதோ அங்கே கத்தரிச்சு அட்டையைச் சரி பண்ணினேன். இந்தத் தடவை பெரியவர்கிட்ட அளவு சொல்லலை, வேலையைச் சொன்னேன். "ஐயா, மரக் கரண்டி செதுக்கணும், சின்ன விறகு பிளக்கணும், ஒரு பக்கம் கூட உள்குழியா இருக்கக் கூடாது, தட்டையா சாயணும்"னேன். அவர் அட்டையை வாங்கி தன் கையில பிடிச்சுப் பார்த்தார். "இதை மொதல்லயே கொண்டாந்திருந்தா?"ன்னார். பட்டையை ஒதுக்கிட்டு ஒரு தேஞ்ச பெரிய அரத்தை எடுத்தார். அரம் நல்ல கார்பன் உருக்கு.

அன்னிக்கு அவர் தோய்ச்சல் போட்டதைப் பார்த்தது நான் படிச்ச எல்லாத்தையும் விட பெரிய பாடம். கூர்ப்பக்கம் மட்டும் தண்ணியில அரை அங்குலம் முக்கினார். முதுகுல சூடு அப்படியே இருந்தது. வெளியே எடுத்து ஒரு கல்லால சர்ருனு தேச்சார், இரும்பு வெள்ளையா மின்னுச்சு. உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தார். முதுகுல இருந்து சூடு இறங்க இறங்க, அந்த வெள்ளை மேல நிறம் நகர்ந்து வருது. முதுகு பக்கம் நீலம், அப்புறம் ஊதா, பழுப்பு, முன்னாடி வைக்கோல் மஞ்சள். அந்த மஞ்சள் கூரைத் தொட்ட நொடியில முழுசா தண்ணிக்குள்ள. அவ்வளவுதான். வைக்கோல் நிறம்னா இரும்பு 220 டிகிரியை ஒட்டி இருக்குன்னு அர்த்தம். நீலம் வந்திருந்தா 300, கூர் மெதுவாயிருக்கும். தெர்மாமீட்டரும் இல்லை ஒண்ணும் இல்லை. கூர் கெட்டி, முதுகு நெகிழ்வு. இதே விஷயத்தை 'டிஃபரன்ஷியல் ஹீட் ட்ரீட்மென்ட்'னு பேர் வச்சு வெளிநாட்டுல தனி விலை போடறாங்க.

கணக்கு: பட்டறைக்கு 700. தச்சர்கிட்ட மிஞ்சின பூவரசங்கட்டையில பிடி 150. ஒட்டறதுக்கு அரால்டைட் 100. செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட தோல் உறை 250. ஆக மொத்தம் 1,200. ஜாப் காஸ்ட் ஷீட் போட்டு வச்சிருக்கேன், புரொபசர்கிட்ட காட்டினா மார்க் போடுவாரா தெரியலை.

"ஃபுல் டேங் இல்லையே"ன்னு ஒருத்தன் கேட்டான். அதாவது பிடி முழுக்க அதே இரும்பு ஓடணும்ங்கற சட்டம். இல்லைதான். வால் மாதிரி மெல்லிசா பிடிக்குள்ள போகுது, முகப்புல பூண் போட்டிருக்கு, நம்ம ஊர் அரிவாள் மாதிரி. பின்லாந்துக்காரன் தலைமுறை தலைமுறையா வச்சிருக்கிற பூக்கோ கத்தியும் வால் பிடிதான். ஃபுல் டேங் உறுதி, மறுக்கலை. ஆனா அது இல்லாத கத்தியெல்லாம் உடைஞ்சுடும்கிறது கடைக்காரன் பில்டப்.

இதுல எனக்கே ஒரு சங்கடம் இருக்கு, மறைக்க வேணாம். என் 1,200 ரூபாய் கணக்கு நியாயமான விலையான்னு கேட்டா சொல்லத் தெரியலை. அன்னிக்கு அரை நாள் அந்தப் பெரியவர் என் கத்தியிலயே இருந்தார். அவர் வயசுக்கும் கைத்திறனுக்கும் 700 ரூபாய்ங்கறது, அவர் தனக்குத்தானே போட்டுக்கிட்ட விலை. நான் கூட நூறு நீட்டினேன், "அடுத்த தடவை சேர்த்து வாங்கிக்கறேன்"னு திருப்பிட்டார். இங்கிலாந்துலயோ அமெரிக்காவுலயோ இதே வேலைக்கு நூத்துக்கணக்குல பவுண்டும் டாலரும் வாங்கறாங்கன்னு நாம வாயைப் பிளக்கறோம். அவங்க ஏமாத்தறாங்கன்னு நான் நினைக்கலை, தன் மணி நேரத்துக்கு ஒழுங்கா விலை போடக் கத்துக்கிட்டாங்க. நமக்கு மலிவா கிடைக்குதுன்னா யாரோ ஒருத்தர் அந்த வித்தியாசத்தைத் தூக்கிச் சுமக்கறார். 'அஃபோர்டபிள்'ங்கற வார்த்தையை எழுதும்போதெல்லாம் இது உறுத்துது.

சரி, முன்பணம் பத்தி ஒரு பாரா, இது நம்ம பாடம்கிறதால. ஆர்டர் கொடுத்து செய்யறவங்கள்ல சிலர் முழுப் பணத்தையும் முன்னாடியே கேப்பாங்க. வரிசை எட்டு மாசம், ஒரு வருஷம்னு போகும். வாடிக்கையாளர் கொடுக்கிற முன்பணம் வருமானம் இல்லைங்க, அது கடன். பேலன்ஸ் ஷீட்ல பொறுப்புப் பக்கம் உக்கார வேண்டியது. அதை வருமானம்னு நினைச்சு வீட்டு வாடகைக்குச் செலவு பண்ணிட்டா, உங்க கத்திக்கு இரும்பு வாங்க அடுத்த ஆள் முன்பணம் வரணும். ஆள் நல்லவரா இருப்பார், கெட்ட எண்ணமே இருக்காது, ஆனா ஒரு நாள் போனை எடுக்க மாட்டார். செஞ்சு முடிச்ச கத்தியை வாங்குங்க. இல்லைன்னா வேலையைத் தொடங்கும்போது பாதி, முடிச்சதும் பாதி. இதுக்கு ஒத்துக்காதவர் எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் மாணவன் காசுக்கு அவர் சரிப்பட மாட்டார்.

"இவ்வளவு தொல்லைக்கு மோராவே வாங்கிட்டுப் போகலாமே"ன்னு நினைக்கிறவங்களுக்கு: ஆமாம், வாங்குங்க. முதல் கத்தி அதுவாத்தான் இருக்கணும். வெளிநாட்டுல இருபது டாலரைச் சுத்தி விலை, இங்கே கொண்டுவந்து விக்கிறவங்ககிட்ட கூடத்தான் ஆகும், இருந்தாலும் 4,500-க்கு ரொம்பக் கீழே. ஒரு வருஷம் அதை வச்சு வேலை செய்யுங்க. பிடி சிறுசா, அலகு நீளமா, இடது கைக்கு உறை மாறணுமா.. எது உறுத்துதோ நோட்டுல குறிச்சு வைங்க. அந்த நோட்டுதான் கஸ்டம் ஆர்டர். எதுவுமே உறுத்தலைன்னா உங்களுக்கு கஸ்டம் தேவையே இல்லை, சந்தோஷமா அந்தக் காசுல பிரியாணி சாப்பிடுங்க. என்னைக் கேட்டா கஸ்டம் வாங்க ஒரே நியாயமான காரணம் கை. கடைக் கத்தி யாரோ ஒரு சராசரிக் கைக்குச் செஞ்சது.

நம்ம பயலுக்கு அந்தக் காரணம் நிஜமாவே இருக்கு. அவன் கை ஒரு முறம். கம்பானியன் பிடியைப் பிடிச்சா சுண்டு விரல் வெளியே தொங்குது, நானே பார்த்தேன். அதனால அவனுக்கு நான் போட்ட பட்ஜெட்: மோரா வேணாம், என்னோடதை ஒரு மாசம் வச்சுக்கோ. பட்டறைக்கு 1,000 (இந்தத் தடவை 700 சொன்னாலும் 1,000 கொடுக்கணும், இது நிபந்தனை). கட்டை, உறை, ஒட்டு எல்லாம் 500. நல்ல தீட்டுக்கல் ஒண்ணு. மீதி இருக்கிற காசு செமஸ்டர் ஃபீஸுக்கு. இதை நேத்து ராத்திரி படிச்சுக் காட்டினேன். "மான் கொம்பு பிடி மட்டுமாவது.."ன்னு இழுத்தான். மான் கொம்புன்னு நிஜமாவே மான் கொம்பை விக்கறதே இங்கே சட்ட விரோதம், நிஜம்னா ஜெயில், பொய்னா பிளாஸ்டிக், எது வேணும்னு கேட்டேன். பதில் இல்லை.

இன்னும் புக் பண்ணலை. சனிக்கிழமை என்கூட ஊருக்கு வர்றதா சொல்லியிருக்கான். காலையில ஹாஸ்டல் மெஸ்ல ஸ்கேலை வச்சு உள்ளங்கையை அளந்துக்கிட்டு இருந்தான். பத்தரை சென்டிமீட்டராம்.